நாளை ரத்தம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஞானதிரவியம் தன் மகளின் ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய், பச்சை மூடி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'அபிஷா, காய்ச்சல் வார்டு' என்று எழுதியிருந்தது. "லேபுல நீங்களே கொண்டு போய்க் குடுத்திருங்க, ஆள் இல்ல" என்று நர்ஸ் நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஆள் என்றைக்குத்தான் இருந்தது? ரத்தத்துக்கு ஜோசியம் பார்க்க மெஷின் வாங்கிப் போடுவார்கள். அந்த ரத்தத்தை வார்டிலிருந்து லேபுக்குத் தூக்கிப்போக ஒரு ஆளைப் போட மாட்டார்கள். பெற்றவர்களேதான் சுமக்க வேண்டும். என்னென்னவோ மாறினாலும் நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

லேபுக்குப் போகிற வழியில் ஒரு கழிப்பறை இருந்தது. அதன் வாசலில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சோதனைக்கு அரசாங்கம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. ஜனங்கள் அதை 'நாளை ரத்தம்' என்றார்கள். இன்றைக்கு எடுத்த ரத்தத்தை உள்ளே வைத்தால், இரண்டு வாரம் கழித்து அது எப்படி இருக்கும் என்று இன்றைக்கே மெஷின் சொல்லிவிடும். ஆள் தேறும் என்றால் திரையில் 'நிறை' என்று வரும். உடனே கண்ணாடி வார்டில் படுக்கை, அளந்து ஏற்றுகிற மருந்து, கூப்பிடு தூரத்தில் டாக்டர். 'வெறுமை' என்று வந்தால் பின்கட்டு. பின்கட்டில் ஃபேன் உண்டு, குடிக்க உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் உண்டு, அழுதால் யாரும் தடுப்பதில்லை. கடல் ஏறி உப்பளங்களை விழுங்கிய பிறகு கொசு உப்புத் தண்ணீரிலும் முட்டையிடப் பழகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் டெங்குக் காய்ச்சலில் கிடந்தார்கள். கண்ணாடி வார்டோ ஒன்றே ஒன்று. இருக்கிற படுக்கையைப் பிழைக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். உன் பிள்ளைக்கு இடமில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல மனுஷனுக்கு நாக்கு கூசும். மெஷினுக்கு நாக்கே கிடையாது, சௌகரியமாகப் போயிற்று.

நேற்று பக்கத்துக் கட்டில் சிலுவையின் மகனுக்கு வெறுமை என்று வந்தது. பந்து விளையாடுகிற பையன், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. டாக்டரின் காலில் சிலுவை விழுந்து புரண்டான். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பின்கட்டுப் பக்கமிருந்து அவன் மனைவியின் ஒப்பாரி கேட்டபோது, வார்டில் இருந்த அத்தனை பேரும் அவரவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனுக்கே அப்படி என்றால் அபிஷாவுக்கு? அவள் பிறந்ததே குறை மாதத்தில். சவலைப் பிள்ளை. மழை பெய்தால் சளி, வெயில் அடித்தால் மூக்கில் ரத்தம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் மரத்தடியில் உட்காரவைத்து விடுவார்கள். அந்த ரத்தத்திலிருந்து என்ன எழும்பப் போகிறது? வெறுமை என்றுதான் வரும். ஞானதிரவியத்துக்கு அதில் துளி சந்தேகம் இல்லை.

தன் ரத்தத்தைப் பற்றியும் அவருக்குச் சந்தேகம் இல்லை. கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவர். கடல் உள்ளே வந்து, ஊர் மாடுகளையெல்லாம் மேற்கே லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு மருந்தகத்தைப் பூட்டிவிட்டார்கள். சாவி அவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆனால் அங்கே படித்த பாடம் மறக்குமா? கோமாரி வந்து பிழைத்த மாடு மறுபடி கோமாரியில் படுத்து அவர் பார்த்ததில்லை. அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் டெங்கு வந்து, எலும்பெல்லாம் நொறுங்கிப்போய் எழுந்து நடந்தார். அன்றிலிருந்து, "என்னை எந்தக் கொசு கடிச்சாலும் அதுதான் செத்துப் போகும்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அடிபட்டுத் தேறிய ரத்தம். இதை வைத்தால் மெஷின் திக்குமுக்காடிப் போகாதா?

கழிப்பறைக்குள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். நர்ஸ் மேசையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்த ஊசியும் காலிக் குழாயும் சட்டைக்குள் இருந்தன. கைக்குட்டையைப் பல்லால் கடித்து முழங்கைக்கு மேலே இறுக்கினார். ஆயிரம் மாட்டுக்கு ஊசி போட்ட கை, தன் நரம்பைத் தேடும்போது மட்டும் இரண்டு தடவை தவறிக் குத்தியது. ரத்தம் ஏறியதும் அபிஷாவின் சீட்டைப் பதமாக உரித்துத் தன் குழாயில் ஒட்டினார். மகளின் குழாயை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றப் போனவருக்குக் கை வரவில்லை. பெற்ற பிள்ளையின் ரத்தம் ஐயா அது. சட்டைப் பையில், நெஞ்சோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிரு ஆண்டவரே" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். ராத்திரி முழுக்கத் தரையில் படுத்ததால் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருந்தது.

லேபில் டெக்னீஷியன் தாஹிரா இருந்தாள். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் முக்காட்டுக்கும் மாஸ்க்குக்கும் பின்னால். அந்தக் கண்ணும் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். குழாயை வாங்கிச் சீட்டைப் படித்தாள்.

"உங்க பிள்ளையா அண்ணாச்சி?"

"ஆமா மேடம். ஒரே பிள்ளை." மெஷினைக் காட்டிக் கேட்டார்: "இதுக்குள்ள என்னதான் நடக்குது?"

மற்ற நேரமாக இருந்தால் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். அன்றைக்கு என்னவோ சொன்னாள்.

"முந்தியெல்லாம் ரெண்டு தடவை ரத்தம் எடுப்போம். காய்ச்சல்ல ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. கிருமியை எதிர்த்து உடம்பு ஆன்டிபாடி செய்யும்லா, அது ரெண்டாவது ரத்தத்துல நல்லா ஏறியிருந்தா, டெங்குதான்னு அடிச்சுச் சொல்லலாம். ஆனா அதுக்குள்ள ஆள் வீட்டுக்குப் போயிருப்பான், இல்லாட்டிக் கல்லறைக்குப் போயிருப்பான். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இப்போ இந்த மெஷின் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவைத் தனியாப் பிரிச்சு, நகத்தளவு கண்ணாடியில அடைச்சு, வேகமா வாழ வைக்கும். ரெண்டு வாரத்துல நடக்க வேண்டியது மத்தியானத்துக்குள்ள நடந்து முடிஞ்சிரும். கடைசியில ஆன்டிபாடி எழும்பியிருந்தா நிறை. எல்லாம் செத்துக் கிடந்தா வெறுமை."

"எழும்பும் மேடம்" என்றார் ஞானதிரவியம். "இது நல்ல ரத்தம்."

தாஹிரா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் குழாயை உள்ளே வைத்தாள். எல்லாத் தகப்பனும் சொல்கிறதுதானே என்று நினைத்திருப்பாள்.

வார்டில் அபிஷாவின் உதட்டோரம் கசிந்த ரத்தத்தை ரூபாவதி ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் ஒரு இளநீர், உறிஞ்சு குழலோடு அப்படியே இருந்தது.

"எங்க போனிய இவ்வளவு நேரம்? பிள்ளை கேட்டுக்கிட்டே கிடக்கா."

"லேபுல கூட்டம், ரூபா."

"யப்பா," என்றாள் அபிஷா கண்ணைத் திறக்காமல், "கண்ணுக்குப் பின்னால வலிக்கி. வெளிச்சத்தை அமத்துங்க."

எரிந்துகொண்டிருந்தது சூரியன். அதை எப்படி அணைப்பது? எழுந்து ஜன்னலுக்கு முன்னால் நின்று தன் உடம்பால் வெயிலை மறைத்தார். பரவாயில்லையா மக்கா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அப்படியே நின்றார், முதுகு சுட்டது, நகரவில்லை. டாக்டர் வந்து அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கை நரம்பைப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி வார்டுக்குப் போயிட்டா நல்லது. ஒரு படுக்கை காலியாகுது. ரிசல்ட் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகாவிட்டால் என்ன என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டி, லேப் வாசலிலிருந்து தாஹிரா கூப்பிட்டாள். "அபிஷா கூட யாரு இருக்கிய?"

இரண்டு பேரும் ஓடினார்கள். தாஹிரா அவர்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்தச் சாத்தலிலேயே ரூபாவதிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வெறுமைன்னு வந்துட்டு, அண்ணாச்சி."

"இருக்காது" என்றார் ஞானதிரவியம். "அது எப்படி வரும்? வரவே வராது."

"நானும் நம்பாம ரெண்டு தடவை பாத்துட்டேன். பிள்ளைக்கு முந்தி எப்பவாவது டெங்கு வந்திருக்கா? பழைய ஆன்டிபாடி கோடு கட்டியா விழுந்திருக்கு."

"இல்லையே மேடம்" என்றாள் ரூபாவதி அழுகைக்கு நடுவே. "இவளுக்குச் சளிதான் பிடிக்கும். டெங்கு வந்தது இவியளுக்குத்தான், என்னைக் கட்டுறதுக்கு முந்தி."

"முந்தி ஒருக்கா வந்தா நல்லதுதானே மேடம்?" ஞானதிரவியத்தின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஒருக்கா வந்தவனை மறுபடி ஒண்ணும் செய்யாதுல்லா?"

"அம்மைக்கு அப்படி. டெங்குல பல வகை இருக்கு அண்ணாச்சி. ஒரு வகைக்குச் செஞ்ச பழைய ஆன்டிபாடி, அடுத்த வகை வரும்போது அதைக் கொல்லத் தெரியாம சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் நிக்கும். வீட்டுக் காவக்காரனே திருடனைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போற மாதிரி, கிருமியைக் கொண்டு போய் அணுவுக்குள்ள விட்டுரும். ரெண்டாவது தடவைதான் ஆளை அடிக்கும்." அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "நான் இதை ஏத்தியாகணும். ஏத்தினா பின்கட்டுக்கு எழுதிருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

"ஏத்தாதிய!" ஞானதிரவியம் போட்ட சத்தத்தில் மேசைமேல் இருந்த தட்டு அதிர்ந்தது. "ஏத்தாதிய தாயி. அது என் பிள்ளை ரத்தம் இல்ல."

சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினார். சீட்டு இல்லாத குழாய். "இதுதான் அவ ரத்தம். வெறுமைன்னு வந்திருமோன்னு பயந்து மாத்திட்டேன். பாவி நான், மாத்திட்டேன்."

ரூபாவதி அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. தாஹிராவுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"அறிவிருக்காய்யா உமக்கு? கொஞ்சம் விட்டா உம்ம பிள்ளையை நீரே பின்கட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேரு! தெம்பான ரத்தத்தைக் காட்டி மெஷினை ஏமாத்தலாம்னு நினைச்சேரா? கிருமி இல்லாத ரத்தத்தை அது ஓட்டவே ஓட்டாது, வெளிய துப்பிரும். இது ஓடிச்சு. அப்போ கிருமி இருந்துச்சு." சட்டென்று நிறுத்தினாள். குரல் தணிந்தது. "இது யாரு ரத்தம் அண்ணாச்சி?"

ஞானதிரவியத்துக்கு அப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து இருக்கிற உடம்பு வலி, ஜன்னலோரம் நின்றபோது சுட்ட முதுகு, எல்லாவற்றுக்கும் இப்போது வேறு அர்த்தம். பக்கத்தில் ரூபாவதி நின்றாள். ஒரு பிள்ளைக்காக அழுதுகொண்டிருக்கிறவளிடம் இதையும் சேர்த்துப் போடுவதா?

"கன்னுக்குட்டி ரத்தம்" என்றார். "மாட்டு டிஸ்பென்சரியில நல்லா துள்ளிக்கிட்டு ஒரு கன்னுக்குட்டி நின்னுது. அதுக்கிட்ட எடுத்து வச்சிருந்தேன்."

ரூபாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பிப் போனாள்.

தாஹிரா குழாயைக் கையில் வாங்கியதும் புருவத்தைச் சுருக்கினாள். "என்ன இப்படிச் சுடுது?"

"நெஞ்சோட வச்சிருந்தேன்."

"நல்ல வேளை. ஐஸ்ல வச்சிருந்தா அணு செத்திருக்கும்." சொல்லிக்கொண்டே குழாயை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். வெளியிலிருந்து யாரோ படுக்கை விஷயமாகக் கேட்டபோது, "மெஷின் மக்கர் பண்ணுது சார், அபிஷா ரிசல்ட் வாற வரைக்கும் அந்தப் படுக்கையை வேற யாருக்கும் எழுதிராதிய" என்று கூசாமல் பொய் சொன்னாள். அவளுடைய வேலை போய்விடும் அதற்கு. அவளுக்கும் தெரியும்.

பிறகு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "கன்னுக்குட்டிக்குப் பழைய டெங்கு இருக்காது அண்ணாச்சி."

"தெரியும் மேடம். என் பிள்ளை தேறட்டும், பொறவு பேசிக்கிடலாம். ரூபாட்ட மட்டும் சொல்லிராதிய."

ஞானதிரவியம் உட்கார்ந்தார். அவர் கைகளை விரித்துப் பார்த்தார், மடக்கினார். சாகப் பயமாக இருந்தது, ரொம்பப் பயமாக இருந்தது. அதைவிட, அந்தத் திரையில் மகளுக்கு என்ன வருமோ என்பது பயமாக இருந்தது. ரத்தத்தை மாற்றிப் பாழாக்கிய நேரத்தில் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், தனக்கு வந்த வெறுமையே தேவலை என்று தோன்றியது.

"ஒரு பேச்சுக்குக் கேக்கேன்" என்றார் கடைசியில். "வெறுமைன்னு வந்தவங்க யாராவது பிழைச்சிருக்காங்களா?"

"இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லன்னு சொல்றோம், ஆனா அது எப்படித் தெரியும்?" தாஹிரா மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசினாள். "வெறுமைன்னு சொன்னோம், பின்கட்டுக்கு அனுப்பினோம், மருந்து ஏத்தல, டாக்டர் போகல, செத்தாங்க. உடனே மெஷின் சொன்னது அச்சு அசலா பலிச்சிருச்சுன்னு மேல அவார்டு குடுத்தாங்க. ஒரே ஒரு ஆளுக்காவது படுக்கை குடுத்துப் பாத்திருந்தால்லா மெஷின் சொன்னது நிசமா பொய்யான்னு தெரிஞ்சிருக்கும்? எங்க வாப்பாவுக்கு வெறுமைன்னு நானேதான் ஏத்தினேன். இந்தக் கையாலதான்."

ஞானதிரவியம் நிமிர்ந்து பார்த்தார். "அழாதிய தாயி" என்றார். அழுதுகொண்டிருந்தது அவர்தான்.

வெயில் சாய்ந்த நேரத்தில் மெஷின் ஓய்ந்தது. தாஹிரா திரையைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "அண்ணாச்சி, இங்க வாங்க. பாருங்க உங்க சவலைப் பிள்ளையை! பழைய கோடே கிடையாது, இதுதான் அவளுக்கு முதல் தடவை. புதுக் கோடு எப்படி எழும்பி நிக்கு பாருங்க."

நிறை. அந்த இரண்டு எழுத்தையும் ஞானதிரவியம் விரலால் தொட்டார். கண்ணாடித் திரையில் விரலின் ஈரம் பதிந்தது. சவலை, சவலை என்று தானே சொல்லிச் சொல்லி, தன் பிள்ளையை நம்பாமல் போனதை நினைத்து அவருக்கு நெஞ்சு வெடித்தது. அந்த ரத்தத்தை அப்படியே கொண்டு போய்க் கொடுத்திருந்தால் மத்தியானமே அவள் கண்ணாடி வார்டில் இருந்திருப்பாள்.

அபிஷாவைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸுகள் மளமளவென்று வேலை செய்தார்கள். டாக்டர் வந்து, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், கவலை வேண்டாம் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ரூபாவதி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்து போகிற தாஹிரா அவர்கள் பக்கத்தில் வந்து நின்றாள். ரூபாவதி இருப்பதைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாள்.

"அண்ணாச்சி, அந்தக் கன்னுக்குட்டி... அதை வெளிய விட்டுராதிய. தண்ணி நிறையக் குடிக்கணும். ராத்திரி காய்ச்சல் ஏறிச்சுன்னா யோசிக்காம நேரா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் மெஷின்ல போட மாட்டேன். எப்படியாவது ஒரு படுக்கை பிடிப்பேன். ஒரு தடவையாவது பாத்துருவோம், மெஷின் சொல்றதுதான் நடக்கான்னு."

"சரி மேடம்" என்றார் ஞானதிரவியம், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் போய்விட்டாள். இவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். குளிர் எடுக்கத் தொடங்கியிருந்தது, பல் கிட்டிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டார். ரூபாவதி கண்ணாடியை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் அந்த இளநீர் இருந்தது. உறிஞ்சு குழலை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"எனக்கு எதுக்கு ரூபா? பிள்ளைக்கு வச்சது."

"பிள்ளைக்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கு." அவள் குரல் உடைந்தாலும் கை ஆடவில்லை. மற்றொரு கையை அவர் பிடரியில் வைத்துச் சூட்டைப் பார்த்தாள். பார்த்த பிறகும் எடுக்கவில்லை. "டிஸ்பென்சரிச் சாவி நம்ம வீட்டு ஆணியில தொங்குது. தினமும் அதைத் துடைச்சு வைக்கது நான். எனக்குத் தெரியாம எந்தக் கன்னுக்குட்டி அங்க வந்து நின்னுது?"

அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதிய" என்றாள் ரூபாவதி. "குடிங்க."